டீலரிடம் ஓவியம் வாங்கப் போகும் சின்ன மியூசியங்களுக்கு

காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகம் வருவதற்கு முன்னால் வெறும் மணல் கரை இருந்தது. அந்தக் கரையில் ஏற்றி வைத்த நாலைந்து கட்டுமரங்கள், வலையை உதறிக் காயப்போடும் இரண்டு பெண்கள், தூரத்தில் ஒரு கப்பல். இதுதான் ஓவியம். மூன்றடிக்கு இரண்டடி, கேன்வாஸில் எண்ணெய் வண்ணம், கையெழுத்து கிடையாது. டீலர் கேட்டது 9 லட்சம். ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் ஒரு பழைய வீட்டின் மூன்று அறைகளில் நடக்கும் எங்கள் மியூசியத்தின் கையில் அப்போது இருந்தது 4 லட்சம். ஏழு மாதம் பேசி, வரி உட்பட 5 லட்சத்து 60 ஆயிரத்துக்கு முடித்தோம்.

எப்படிக் குறைத்தீர்கள் என்று மற்ற சின்ன மியூசியங்களை நடத்துபவர்கள் கேட்கிறார்கள். எங்கள் டிரஸ்டின் கணக்கு வழக்கைப் பார்ப்பவள் என்ற முறையில் நடந்ததை வைத்தே சொல்கிறேன். எங்களுக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு விதிதான்: டீலர் வாயால் சொல்வது எதுவாக இருந்தாலும் அதை எழுதித் தரச் சொல்வது, எழுதித் தர முடியாத எதற்கும் பணம் தராமல் இருப்பது. கீழே வருகிற எல்லாமே அந்த விதியைச் சுற்றித்தான்.

முதலில் உங்கள் பக்கத்தைச் சரி செய்யுங்கள்

எதற்காகச் சேகரிக்கிறோம் என்று ஒரு பக்கம் எழுதி, டிரஸ்டிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு வையுங்கள். எங்களுடையது, ஜார்ஜ் டவுனிலிருந்து எண்ணூர் வரை இங்கே உழைத்த மக்களின் வாழ்க்கையைக் காட்டும் பொருள்கள். இந்தப் பக்கம் இல்லாமல் கடைக்குப் போனால் உங்கள் மியூசியத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதை டீலர் தீர்மானித்துவிடுவார். எங்களிடம் அவர் முதல் நாளே ஒரு தஞ்சாவூர் ஓவியத்தைக் காட்டினார், தங்க ரேக்கும் கெம்புக் கல்லும் வைத்த நல்ல வேலை, விலையும் அதிகமில்லை. ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பக்கத்தை நினைத்ததும் வேண்டாம் என்று சொல்வது சுலபமாகிவிட்டது.

அடுத்து உச்ச வரம்பு. இரண்டாவது முறை டீலரைப் பார்க்கும் முன்பே கமிட்டியைக் கூட்டி, இதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். அந்தத் தொகை ஓவியத்தின் விலை மட்டும் கிடையாது. ஜிஎஸ்டி, வண்டி, பேக்கிங், சுத்தம் செய்யும் செலவு, ஃப்ரேம், இன்ஷூரன்ஸ் எல்லாம் அதற்குள் வர வேண்டும். ஓவியங்களுக்கு 12 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம், ஆகவே 9 லட்சம் என்று ஒருவர் சொன்னால் அதற்கு மேல் இன்னொரு 45 ஆயிரம் வருமா, அதற்குள்ளேயே அடக்கமா என்று முதல் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள். நாங்கள் எல்லாம் சேர்த்து 6 லட்சம் என்று எழுதினோம். கையில் இல்லாத 2 லட்சத்தை எங்கே திரட்டுவது என்பதையும் அன்றைக்கே பேசி முடித்தோம், ஏனென்றால் பணம் வரும் வழி தெரியாமல் பேரத்தில் உட்கார்ந்தால் குரலிலேயே அது தெரிந்துவிடும்.

ஓவியத்தைத் திருப்பிப் பாருங்கள்

சுவரில் தொங்கும்போது பார்த்தால் போதாது. கீழே இறக்கி, பகல் வெளிச்சத்தில், முன்னால் பத்து நிமிடம் பார்த்தால் பின்னால் அரை மணி நேரம் பார்க்க வேண்டும். கேன்வாஸை மரச்சட்டத்தில் எதைக்கொண்டு அடித்திருக்கிறார்கள், சின்ன ஆணியா ஸ்டேப்பிள் பின்னா, மரம் எவ்வளவு கறுத்திருக்கிறது, ஒட்டுப் போட்டிருக்கிறதா, சாக்பீஸில் எண் ஏதாவது இருக்கிறதா, கண்காட்சிச் சீட்டு ஏதாவது கிழிந்தும் கிழியாமலும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கள் ஓவியத்தின் பின்னால் ஃப்ரேம் கடை ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. கடைப் பெயர் பாதி போய்விட்டது, ஆனால் முகவரியின் கடைசியில் ‘மெட்ராஸ்-13’ என்பது தெளிவாகத் தெரிந்தது. இப்போது ராயபுரத்தின் பின்கோடு 600013. ஆறு இலக்கப் பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15-ல், அதற்கு முன்னால் வெறும் மெட்ராஸ்-13 என்றுதான் எழுதுவார்கள். அப்படியானால் அந்த ஃப்ரேம் 1972-க்கு முந்தையதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, ராயபுரத்திலேயே போட்டது என்பதும் தெரிகிறது. இதில் ரொம்பக் குதிக்கவும் கூடாது. பின்கோடு வந்த பிறகும் பழைய பழக்கத்தில் மெட்ராஸ்-13 என்றே எழுதியவர்கள் உண்டு, தவிர ஸ்டிக்கர் சொல்வது ஃப்ரேமின் வயதைத்தான், ஓவியத்தின் வயதை இல்லை. பழைய ஃப்ரேமில் புதுப் படத்தைப் பொருத்துவது இந்தத் தொழிலில் தெரிந்த வித்தைதான். அதனால் கேன்வாஸின் ஓரம் அந்த ஃப்ரேமின் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, ஃப்ரேம் மறைத்த விளிம்பில் வண்ணம் மற்ற இடத்தைவிடப் பளிச்சென்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்களுடையதில் அப்படித்தான் இருந்தது.

ஒரு நல்ல டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் மேடு பள்ளம், உரிந்த இடம், வெடிப்பு எல்லாம் நிழலாக எழுந்து நிற்கும். அல்ட்ரா வயலட் டார்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ரூபாய் நோட்டைச் சோதிக்க வைத்திருப்பார்களே அந்த மாதிரிதான். இருட்டறையில் அடித்தால் பழைய வார்னிஷ் பச்சை கலந்து மங்கலாக ஒளிரும், அதற்கு மேல் பிறகு யாராவது வண்ணம் தொட்டிருந்தால் அந்த இடம் கறுப்புத் திட்டாகத் தெரியும். வானத்துப் பகுதியில் எங்களுக்கு அப்படி இரண்டு திட்டு தெரிந்தது. டீலரிடம் காட்டினோம். அவருக்கே அது தெரியாது, உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். பேரத்தில் அது பின்னால் உதவியது.

வண்ணமும் வயதைச் சொல்லும். டைட்டானியம் வெள்ளை ஓவியர்களிடம் பரவலாகப் புழங்கியது 1920-களிலிருந்துதான், அக்ரிலிக் வண்ணங்கள் கடைக்கு வந்தது 1950-களில். 1890-ல் வரைந்தது என்று சொல்லும் படத்தில் டைட்டானியம் இருந்தால் ஒன்று தேதி தவறு, இல்லை யாரோ பிறகு தொட்டிருக்கிறார்கள். இதையெல்லாம் கண்ணால் முடிவு செய்ய முடியாது, பெரிய தொகை என்றால் ஓவியப் பாதுகாப்பு தெரிந்த ஒருவரை அழைத்துப் போய் நிலை அறிக்கை எழுதி வாங்குங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-லிருந்தே பழம்பொருள் பாதுகாப்புக்கென்று ஆய்வுக்கூடம் இருக்கிறது, அங்கே போய் யோசனை கேட்கக் கூச்சப்படாதீர்கள். கூட்டிப் போகும் நிபுணர் டீலரின் நண்பராக இருக்கக்கூடாது, அவர் சம்பளத்தை நீங்கள்தான் தர வேண்டும்.

யாரிடமிருந்து வந்தது

இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம், இதற்காக மாதக்கணக்கில் காத்திருந்தாலும் தப்பில்லை.

‘பழைய குடும்பம் மேடம், பேர் வெளியே வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க’ என்று டீலர் சொல்வார். எங்களிடமும் சொன்னார். அதற்கு எங்கள் பதில், பெயர்ப் பலகையில் போட மாட்டோம், யாரிடமும் சொல்ல மாட்டோம், ஆனால் எங்கள் கோப்பில் பெயரும் கையெழுத்தும் இருக்க வேண்டும், இல்லையென்றால் வாங்க எங்களுக்கு அதிகாரமே கிடையாது. இதைக் கோபப்படாமல் சொல்லலாம், ஒவ்வொரு முறையும் அதே வார்த்தையில் சொல்லலாம்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், நம் ஸ்ரீபுரந்தான் நடராஜரை நினைத்துப் பாருங்கள். அரியலூர் மாவட்டத்துக் கோயிலில் இருந்த சிலை திருடு போய், நியூயார்க் டீலர் சுபாஷ் கபூரின் கைக்குப் போய், 2008-ல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் ஏறத்தாழ 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. காகிதமெல்லாம் இருந்தது, அவை போலிக் காகிதம். 2014-ல் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது, அதே மாவட்டத்தின் வேறொரு கோயில் சிலைத் திருட்டு வழக்கில் 2022-ல் கும்பகோணம் நீதிமன்றம் கபூருக்குப் பத்தாண்டு சிறைத் தண்டனை விதித்தது. அவ்வளவு பெரிய நிறுவனமே டீலர் நீட்டிய தாளை நம்பி ஏமாந்தது என்றால் மூன்று அறை மியூசியம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்! தாளில் இருக்கும் ஒவ்வொரு பெயரையும் டீலர் வழியாக இல்லாமல் நீங்களே தனியாகச் சரிபாருங்கள். இன்டர்போலின் ‘ஐடி-ஆர்ட்’ என்ற செயலி இலவசம், திருடு போனதாகப் பதிவான கலைப்பொருள்களை அதில் தேடலாம்.

சட்டத்தையும் ஒரு முறை படித்துவிடுங்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி நூறு ஆண்டு தாண்டிய ஓவியம் தொல்பொருள் கணக்கில் வரும். அப்படியானால் அது பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும், டீலருக்கு உரிமம் இருக்க வேண்டும், கைமாறினால் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். ரவி வர்மா, அம்ரிதா ஷெர்கில், ஜாமினி ராய், நந்தலால் போஸ் உள்ளிட்ட ஒன்பது பேரின் படைப்புகள் வயது எதுவானாலும் கலைப் பொக்கிஷம், அவை நாட்டை விட்டுப் போக முடியாது. உள்நாட்டு மியூசியத்துக்கு இது ஒருவகையில் நல்லது, வெளிநாட்டுக்காரர் போட்டிக்கு வர மாட்டார்.

எங்கள் விஷயத்தில் சிக்கல் வேறு இடத்தில் வந்தது. டீலர் அந்த ஓவியத்தை ஒரு குடும்பத்தின் மூத்த மகனிடமிருந்து வாங்கியிருந்தார். அப்பா இறந்துவிட்டார், உயில் கிடையாது. வாரிசுச் சான்றிதழைக் கேட்டோம், அதில் இரண்டு பெயர் இருந்தது. பெரம்பூரில் இருக்கும் தங்கைக்கு ஓவியம் விற்றதே தெரியாது. நிலம் வீடு என்றால் தங்கையின் கையெழுத்து இல்லாமல் யாரும் தொட மாட்டார்கள், ஓவியம் என்றால் பழைய சாமான் மாதிரி நினைத்துவிடுகிறார்கள். அவருடைய சம்மதக் கடிதம் இல்லாமல் மேலே பேச மாட்டோம் என்று நின்றுவிட்டோம். இரண்டு மாதம் ஆனது. அண்ணனும் தங்கையும் தங்களுக்குள் பேசிப் பங்கைச் சரிசெய்துகொண்ட பிறகு கடிதம் வந்தது. அப்பா சின்ன வயதில் கலைக் கல்லூரியில் படித்த ஒரு நண்பரிடம் அதை வாங்கியதாகவும், நண்பர் பெயர் நினைவில்லை என்றும் தங்கை அதில் எழுதியிருந்தார். எங்களுக்கு அந்த ஒரு வரி பொக்கிஷம்.

குடும்பம் யார் என்று தெரிந்த பிறகு, டீலரை ஒதுக்கிவிட்டு நேராகப் பேசலாமே என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். செய்யாதீர்கள். அவர் நம்பித்தான் பெயரைச் சொன்னார். அப்படி ஒரு முறை செய்தால் அடுத்து எந்த டீலரும் உங்களிடம் உண்மையைச் சொல்ல மாட்டார், அதற்கு மேல் உங்களுக்குக் கிடைப்பதெல்லாம் கதையாகத்தான் இருக்கும்.

விலை பேசும்போது

ஒருவர் மட்டும் பேசட்டும். எங்கள் முதல் வருகையில் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் கூட வந்தார். படத்தைப் பார்த்ததும் ‘இது எங்க அப்பா நின்ன கரைம்மா’ என்று கண் கலங்கிவிட்டார். டீலர் அதைப் பார்த்தார், அன்றைக்கு விலையில் ஒரு ரூபாய் நகரவில்லை. அந்தப் பெரியவரின் கண்ணீரை நான் குறையாகச் சொல்லவே மாட்டேன், அதற்காகத்தானே மியூசியமே நடத்துகிறோம். ஆனால் ஓவியத்தின் மேல் உயிரை வைத்திருப்பவர்களை முடிவான பிறகு அழைத்துப் போங்கள்.

மின்ட் தெருவில் பேரம் பேசுவதுபோல் எடுத்த எடுப்பில் பாதி விலைக்குக் கேட்காதீர்கள். டீலருக்கு அது அவமரியாதை, தவிர பாதி என்ற எண்ணுக்குக் காரணம் எதுவும் இல்லாததால் அவர் மேலே இழுக்க இழுக்க நீங்களும் காரணமில்லாமல் ஏறிக்கொண்டே போவீர்கள். ஏல நிறுவனங்கள் விற்ற விலையை இணையத்தில் வெளியிடுகின்றன. அதே ஓவியர், அதே காலம், ஏறக்குறைய அதே அளவு, அதே வகை வண்ணம் என்று நாலைந்தை எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள். டீலர் எப்போதும் உச்சத்தையே காட்டுவார். 2025 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் ஓவியர் எம்.எஃப். ஹுசைனின் ‘கிராம யாத்ரா’ சுமார் 118 கோடிக்குப் போனதை எங்களிடமும் சொன்னார். கையெழுத்தில்லாத கட்டுமரப் படத்துக்கு அது எந்த விதத்திலும் அளவுகோல் ஆகாது என்று பணிவாகச் சொன்னோம்.

இங்கேதான் அந்த விதி வேலை செய்தது. இது சென்னை ஓவியக் கல்லூரிக்கு தேவிபிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த காலத்தில் அவருடைய மாணவர் ஒருவர் வரைந்தது என்றார் டீலர், இன்னாராக இருக்கலாம் என்று ஒரு பெரிய பெயரையும் சொன்னார். 9 லட்சத்தில் பெரும்பகுதி அந்தப் பெயருக்குத்தான். சரி, அந்தப் பெயரை இன்வாய்ஸில் எழுதுங்கள், தவறு என்று பின்னால் தெரிந்தால் பணம் திருப்பித் தருவதாகவும் ஒரு வரி சேருங்கள், நாங்களும் அதற்கேற்ற விலையைப் பேசுகிறோம் என்றோம். மூன்று நாள் கழித்துப் போன் செய்தார், பெயரை எழுத முடியாது, ‘சென்னை ஓவியர், பெயர் தெரியவில்லை, 1950-கள் என்று கருதப்படுகிறது’ என்று எழுதலாம் என்றார். அன்றைக்கே விலை ஏழரை ஆனது. ‘இன்னார் பாணி’, ‘இன்னார் பள்ளி’ (அவரைப் பின்பற்றியவர்கள்), ‘என்று கருதப்படுகிறது’, இந்தச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு, ஒவ்வொன்றையும் நிறுத்திக் கேளுங்கள்.

அப்புறம் நாங்கள் கடிதமாகவே எங்கள் தொகையைக் கொடுத்தோம்: 4 லட்சத்து 25 ஆயிரம், பக்கத்திலேயே காரணங்கள். கையெழுத்து இல்லை, வானத்தில் இரண்டு இடம் பிறகு தொட்டது, கீழ் ஓரத்தில் வண்ணம் உரிகிறது, சரிசெய்ய ஆகும் செலவு இவ்வளவு என்று. அனுப்பிவிட்டு இரண்டு வாரம் போன் செய்யவில்லை. வேறு ஒருவர் கேட்கிறார் என்று செய்தி வந்தது. உண்மையாகவும் இருக்கலாம், பதறாமல், அவருக்குக் கொடுக்கும் முன் எங்களுக்கு ஒரு நாள் அவகாசம் தாருங்கள் என்று மட்டும் பதில் அனுப்பினோம்.

விலை நகராத இடத்தில் வேறு விஷயங்களைக் கேட்கலாம். அறுபது நாளைக்கு வேறு யாருக்கும் விற்பதில்லை என்று எழுத்தில் கேளுங்கள். தவணை கேளுங்கள், மார்ச் 31-க்கு முன் ஒரு பகுதி, ஏப்ரலில் மறுபகுதி என்றால் இரண்டு நிதியாண்டு பட்ஜெட்டிலும் பங்கு போட முடியும். வண்டிச் செலவு, ஃப்ரேம், பழைய புகைப்படங்கள், கடிதங்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். எங்களுக்கு 3 லட்சம் மார்ச்சில், 2 லட்சத்து 60 ஆயிரம் ஏப்ரலில், வண்டி அவருடையது என்று படிந்தது. வரம்பில் மிச்சமிருந்த 40 ஆயிரத்தைச் சுத்தம் செய்யவும் இன்ஷூரன்ஸுக்கும் வைத்துக்கொண்டோம்.

நீங்கள் கொடுக்கக் கூடாதவையும் உண்டு. அவர் கடையிலிருக்கும் மற்ற படங்களுக்கு நற்சான்று எழுதித் தராதீர்கள், அவர் சரக்கை உங்கள் சுவரில் மாட்டி விலையேற்றிக் கொடுக்காதீர்கள். டிரஸ்டிகளில் யாராவது சொந்தமாக ஓவியம் சேகரிப்பவராக இருந்தால் அந்தக் கூட்டத்தில் அவர் வாக்களிக்க வேண்டாம். பாதி கேஷ் என்று கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள், 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதே வருமான வரிச் சட்டப்படி தவறு, அதுவும் ஊர்ப்பணத்தில் அது நடக்கவே கூடாது. விலையைக் குறைத்துத் தருவதற்கு, 80ஜி என்று சொல்லிப் பழகிய வரிச் சலுகை நன்கொடை ரசீது கேட்டாலும் தர முடியாது, அது பணமாக வரும் நன்கொடைக்கு மட்டும்தான், அதிலும் ரொக்கம் என்றால் 2,000 ரூபாய் வரைக்கும்தான்.

மீதிப் பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி கலை, பண்பாட்டுப் பாதுகாப்புக்கும் பொருந்தும், ஆனால் அதற்கு உங்கள் டிரஸ்ட் சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். நாங்கள் பதிவு செய்திருக்கவில்லை. தெருத் தெருவாகப் போனோம். எழும்பூர் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்று சொல்லிப் பழகிய பெரியவர்கள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறார்கள், அவர்களில் ஒரு விசைப்படகுக்காரர், அந்தக் கரை இனிமேல் எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டு 50 ஆயிரத்துக்குக் காசோலை எழுதினார்.

ஒப்பந்தமும் அதற்குப் பிறகும்

ஒப்பந்தத்தில் அளவு, வண்ணம், முன்பக்கம் பின்பக்கம் இரண்டின் புகைப்படம், உரிமை டீலருடையதுதான் என்ற உறுதி, வேறு யாராவது உரிமை கோரினால் முழுப் பணமும் திரும்ப வரும் என்ற வரி, வண்டியில் சேதமானால் யார் பொறுப்பு என்பது, கடைசித் தவணையோடு உரிமை மாறும் என்பது எல்லாம் இருக்க வேண்டும். ஓவியத்தை வாங்கியதால் அதை அஞ்சலட்டையாக அச்சிடும் உரிமை வந்துவிடாது, பதிப்புரிமை ஓவியரிடமோ வாரிசுகளிடமோ அவர் இறந்து 60 ஆண்டு வரை இருக்கும், ஓவியர் யார் என்று தெரிந்தால் அதைத் தனியாக எழுதி வாங்குங்கள்.

ஓவியம் வருவதற்கு முன்பே சுவர் தயாராக இருக்கட்டும். கடல் காற்று படும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், மழையில் கசியும். ஃப்ரேமின் நாலு மூலையிலும் கார்க் துண்டு வைத்துச் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓட விடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வடசென்னையில் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றதை மறக்காமல், எங்களுடையதை மாடி அறையில்தான் மாட்டியிருக்கிறோம்.

வந்த அன்றைக்கே பதிவேட்டில் ஏற்றி எண் கொடுங்கள். எண்ணைப் பின்பக்க மரச்சட்டத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள், கேன்வாஸில் வேண்டாம், டேப்பும் புது ஸ்டிக்கரும் வேண்டவே வேண்டாம். பெயர்ப் பலகையில் ‘ஓவியர் பெயர் தெரியவில்லை’ என்று தைரியமாகப் போடுங்கள், பார்க்க வருகிற யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கலாம். சுத்தம் செய்ய வருபவரிடம் அந்த மெட்ராஸ்-13 ஸ்டிக்கர் மாதிரி பின்னால் இருக்கும் எதையும் உரிக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், எங்களிடம் வந்தவர் ஈரத்துணியோடு முதலில் அங்கேதான் கையை வைத்தார்.